பசறை ஏற்றத்தில் அக்காவின் லாரி

அக்காவின் கடிதங்கள் எப்போதும் நலம் விசாரிப்பில் தொடங்கி மழை நிலவரத்தில் முடியும். அந்தக் கடிதம் மட்டும் நேராக லாரியில் தொடங்கியது. "வண்டி மலை ஏற மாட்டேன் என்கிறது. நாலு பேர் பார்த்துவிட்டார்கள். இன்ஜின் செத்துவிட்டது, உடைத்து இரும்புக்குப் போடு என்கிறார்கள். நீ வந்து பார். நீயும் அதையே சொன்னால் போட்டுவிடுகிறேன்."

எனக்கு அப்போது திருச்சியில், பால்பண்ணைப் பக்கம், ஒரு சிறிய டீசல் பட்டறை இருந்தது. அக்கா ராஜம் கல்யாணமாகி இலங்கையில் பதுளைக்குப் போய்ப் பதினைந்து வருஷம். மச்சானின் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து போய், கடைத்தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்துவந்தது. மச்சான் ஒரு தோட்டத்து ஏலத்தில் அந்தப் பழைய லாரியை எடுத்தார். உரம் மேலே போகும். தேயிலைப் பெட்டிகள் கீழே ரயிலுக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு முன் மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். நாட்டில் இறக்குமதி நின்றுபோய்க் கடையில் பாதி அலமாரி காலி. அக்காவுக்கும் அவள் இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது லாரிதான்.

பையில் இரண்டு வேட்டி, ஒரு டின் முறுக்கு, மீதியெல்லாம் ஸ்பானர். கிளம்பிவிட்டேன்.

தலைமன்னார் இறங்குதுறையில் எங்கள் கப்பலிலிருந்து இறங்கியவர்களைவிட, ஏறக் காத்திருந்தவர்கள்தான் அதிகம். தகரப் பெட்டி, பாய், மூட்டை முடிச்சுகளோடு தோட்டத்துக் குடும்பங்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி, தாங்கள் பார்த்தேயிராத இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறவர்கள். ஒரு பெண் என்னிடம், "திருச்சியில குளிருமாங்க?" என்று கேட்டாள். குளிராது என்றேன். மடியிலிருந்த கம்பளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப இதை அங்கேயே யாருக்காச்சும் குடுத்திருக்கலாம்" என்றாள்.

சுங்க அதிகாரி என் பையைக் கவிழ்த்தார். ஸ்பானர்கள் மேசையில் கொட்டிய சத்தத்தில் கூடமே திரும்பியது. அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "மலைநாட்டையே கழற்றி எடுத்துட்டுப் போக வந்திருக்கானா இவன்னு கேக்கிறார்" என்று ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார். லாரி ரிப்பேர் என்று கையால் காட்டினேன். அதிகாரி ஒரு முறுக்கை மட்டும் எடுத்துக் கடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

ரயிலில் மலை ஏற ஏறக் காது அடைத்தது. மதியத்திலேயே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஓரிடத்தில் ரயில் ஒரு குன்றைச் சுற்றி வந்து, தான் போன பாதைக்குக் கீழேயே சுரங்கத்துக்குள் புகுந்தது. எதிரில் கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த கிழவர், என் வாய் பிளந்திருப்பதைப் பார்த்து, "பயப்படாதீங்க, தெனமும் இப்படித்தான் போவுது" என்றார். ஹாலிஎல ஸ்டேஷன் தாண்டியதும் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அடுத்தது பதுளை. தண்டவாளம் அங்கே முடிகிறது.

அக்கா ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முதலில் கேட்டது, "நாஸில் ஸ்பானர் கொண்டாந்தியாடா மணி?"

வீட்டில் தேநீர் வந்தது. சீனி கிடைக்கவில்லை. ஒரு துண்டு கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்து, அதைக் கடித்துக்கொண்டே வெறும் தேநீரைக் குடிக்க வேண்டும். தேயிலை விளைகிற ஊரில் நல்ல தேயிலை இருக்கும் என்று நினைத்து வந்தவன் நான். கிடைத்தது சல்லடையில் கடைசியாக விழுகிற தூள். "நல்லதெல்லாம் கப்பல் ஏறிரும்டா. அதை ஏத்தி அனுப்புற ஆளுங்கதான் நாங்க" என்றாள் அக்கா. அரிசித் தட்டுப்பாட்டில், அன்று கடைகளில் சோறு போடக்கூடாதென்று அரசாங்கம் விதித்த நாள். வீட்டிலும் அரிசி இல்லை. பாண் என்கிற ரொட்டியும் மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். சம்பலின் காரம் அந்தக் குளிருக்கு அப்படிப் பொருந்தியது.

மறுநாள் காலையில் கொல்லையில் போய் லாரியைப் பார்த்தேன்.

பச்சை நிறம் வெளுத்துப் பாசி நிறமாகியிருந்தது. மூக்கு நீண்ட, இங்கிலாந்தில் செய்த ஏழு டன் வண்டி. என்னைவிடப் பத்து வயதுதான் சிறியதாக இருக்கும். ஆறு சிலிண்டர், முழுக்க வார்ப்பிரும்பு. இந்த மாதிரி வண்டிகளை நான் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிடுவேன் என்று பட்டறைப் பையன்கள் கேலி செய்வார்கள். ஒளிவுமறைவே இல்லாத யந்திரம் அது. பானட்டைத் தூக்கினால் எது எங்கே போகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆறு ஸ்பானரில் முழுவதையும் பிரித்துவிடலாம். அவசரமாக ஓடத் தெரியாது. ஆனால் சுமையைக் கொடுத்துவிட்டு நேரத்தையும் கொடுத்தால், கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

டிரைவர் வேலாயுதம் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். பசறைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். மச்சான் வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் ஓட்டுகிறார். காகிதத்தைக் கொளுத்திக் காற்று உறிஞ்சும் குழாயின் வாயில் காட்டிக்கொண்டே ஸ்டார்ட் செய்தார். குளிரில் இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. பானட்டின் மேல் கை வைத்து நின்றேன். சீரான துடிப்பு. ஆறு பேர் ஒரே தாளத்தில் உலக்கை போடுவதுபோல இருந்தது.

"இதையாண்ணே செத்துப்போச்சுன்னாங்க?"

"இங்க நல்லாத்தான் இருக்கும் தம்பி. லோடு ஏத்திப் பசறை ரோட்டுல போனாத்தான் தெரியும். மூணாங்கட்டைகிட்ட போனதும் மூச்சு முட்டுற மாதிரி ஆகி நின்னுரும்." மைல்கல்லைத்தான் அங்கே கட்டை என்கிறார்கள். "அரை மணி நேரம் சும்மா கெடந்துச்சுன்னா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மறுபடி கொஞ்ச தூரம். மறுபடி நின்னுரும்."

"நிக்கிறப்ப கரும்புகை வருதா?"

அவர் யோசித்தார். "இல்லீங்க. பொகையே கொறைஞ்சு போயிரும்."

என் மனது அங்கேயே துள்ளியது. காற்றில்லாமல் திணறுகிற இன்ஜின் கரும்புகை கக்கும். தேய்ந்த இன்ஜின் நீலப்புகை விடும். புகையே குறைகிறதென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அதோடு, செத்த இன்ஜினுக்கு அரை மணி ஓய்வு கொடுத்தால் பிழைக்காது. இது பட்டினி. வேறொன்றும் இல்லை. ஆனால் முன்பு பார்த்த நாலு பேரும் ஹெட்டைக் கழற்றியிருக்கிறார்கள், டீசல் தெளிக்கிற நாஸிலை மாற்றியிருக்கிறார்கள், பம்பைக் கொழும்புக்கு அனுப்பிச் சரிபார்த்திருக்கிறார்கள். குறை வயிற்றில் இருக்க, மூளையைக் கிளறியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மலரவில்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

கல்லுமலைத் தோட்டத்து பெக்டரியில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டிப் பிழிகிற ரோலர் இரண்டு. அதில் பெரியது உடைந்துவிட்டது. பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா எங்கெங்கோ அலைந்து, மூடிப்போன ஒரு பெக்டரியிலிருந்து பதில் ரோலர் வாங்கி, அது ரயிலில் வந்து பதுளை ஸ்டேஷனில் கிடக்கிறது. அதைச் சுமக்கிற வண்டி பதுளையில் இது ஒன்றுதான். மற்ற பெரிய லாரிகள் டயர் இல்லாமல் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. கொழும்பிலிருந்து ஒரு வண்டி வரும், ஆனால் அடுத்த மாதம்தான் வரும்.

"ஒரு மாசம் போகட்டுமே அக்கா?"

"ஒரு ரோலர்ல எவ்வளவு கொழுந்து ஓடும்? பாதிக் கொழுந்து மரத்துலயே முத்திப் போகுது. வாரத்துக்கு மூணு நாள்தான் பேர் போடுறாங்க." பேர் போடுவது என்றால் அன்றைக்கு வேலை கொடுப்பது. "லயத்துல கஞ்சிகூட ஒரு வேளைதான். நான் டீமேக்கர் ஐயாகிட்ட சனிக்கிழமை கொண்டாந்து சேக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்டா. உன்னை நம்பித்தான் குடுத்தேன்."

அன்று திங்கட்கிழமை.

செவ்வாயன்று கடையில் விற்காமல் கிடந்த கம்பிக் கட்டுகளையும் மணல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பசறை ரோட்டில் புறப்பட்டோம். நான் கதவுப் படியில். கையில் முட்டுக்கட்டை. வண்டி நின்றால் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். நம் ஊர் ரோட்டில் சாலையோரம் புளியமரம் இருக்கும். அங்கே ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே யாரோ துணி துவைப்பது கடுகளவு தெரியும். ஆனால் டிரைவர்களின் மரியாதையைச் சொல்ல வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று வழிவிடுகிறது. எங்கள் ஊரில் அப்படி ஒதுங்கினால் பின்னால் வருகிறவன் திட்டுவான்.

மூன்றாம் கட்டைக்கு முன்னால், அண்ணன் சொன்னபடியே, இன்ஜினின் குரல் மெலிந்தது. புகை மறைந்தது. நின்றது. நான் குதித்து முட்டுக் கொடுத்துவிட்டு நேராக டீசல் டாங்கிக்கு ஓடினேன். அதன் மூடி பளபளவென்று பித்தளையில் இருந்தது. பழைய மூடி தொலைந்துபோய், லேத்தில் கடைந்து போட்டது. உள்ளே தடித்த ரப்பர் வளையம். அழகான வேலை. திருகித் திறந்தேன்.

"உஸ்ஸ்ஸ்" என்று டாங்கி மூச்சை உள்ளே இழுத்தது.

"பாத்தீங்களாண்ணே! டாங்கிக்கு மூச்சு விட வழியே இல்ல. டீசல் குறையக் குறைய உள்ள காத்து போகணும். மூடி இவ்வளவு கச்சிதமா இருந்தா எப்படிப் போகும்? ஒருத்தன் வாயைப் பொத்திட்டு உறிஞ்சச் சொன்ன மாதிரிதான்!"

மூடியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, ஸ்டார்ட் செய்தோம். பிடித்தது. மூன்றாம் கட்டை போனது. நான்காம் கட்டை போனது. நான் கதவில் தொங்கிக்கொண்டு பாட்டே பாடினேன். இதற்காகவா கப்பல் ஏறி வந்தேன், ஒரு சின்னத் துளைக்காகவா என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

ஐந்தாம் கட்டையில் வண்டி மறுபடி நின்றது.

மூடியைத் திறந்தேன். எந்தச் சத்தமும் இல்லை. பின்னால் பசறை பஸ் வந்து நின்றுவிட்டது. ஜன்னல்களில் தலைகள். கண்டக்டர் சிங்களத்தில் ஒன்று சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. அண்ணன் மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்தினேன். "பாட்டுக்காரனை ஏத்துனதுக்குப் பதிலா ரெண்டு மாட்டை ஏத்தியிருக்கலாம்னு சொல்றான்."

அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆனதும் வண்டியைத் திருப்பி இறங்கினோம்.

அக்கா வாசலிலேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, "எனக்கும் தெரியலக்கா" என்றேன்.

"முன்னெல்லாம் மூணாங்கட்டை. இப்ப அஞ்சாங்கட்டை. பாதி நோய் தீந்துச்சுல்ல?" என்றாள் அவள். "மீதிப் பாதி எங்க போயிரும்? வண்டிக்குள்ளதான இருக்கும். சாப்பிட்டுட்டுத் தேடு."

புதன்கிழமை முழுவதும் மழை. சாக்கை விரித்து வண்டிக்கடியில் கிடந்தேன். பித்தளை மூடியில் நூலளவு துளை போட்டேன். டாங்கியைக் கழற்றிக் கழுவினேன். ஃபில்டரைப் பிரித்தேன். எல்லாம் சுத்தம். எல்லாம் சரி. நிற்கிற வண்டியில் எல்லாம் சரியாகவே இருந்தது. குறை ஏறும்போதுதான் வருகிறது. அப்படியென்றால் ஏறும்போதுதான் அதைப் பார்க்க வேண்டும். இது ஏன் முதல்நாளே தோன்றவில்லை என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மறுபடி அதே சுமை, அதே ரோடு. இந்த முறை கேபினின் தரைப்பலகையைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைக்குள் தலையை விட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டேன். கால் சீட்டின் மேல். நான் வழுக்கி உள்ளே போய்விடாமல் என் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். "சின்ன வயசுல காவேரியில நீச்சல் பழக்குறப்ப இப்படித்தான்டா பிடிச்சேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வாயில் சேறு தெறித்தது.

முகத்துக்கு ஒரு பக்கம் ரோடு ஓடியது. மறுபக்கம் இன்ஜின் அனல். டாங்கியிலிருந்து வருகிற இரும்புக் குழாய், பம்புக்குப் போகிற இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கட்டை. நான்காம் கட்டை. குழாய் உருண்டையாகத்தான் இருந்தது. பிறகு இன்ஜின் சூடும் ஏறி, சுமையும் அழுத்த அழுத்த, அந்தக் குழாய் என் கண்ணெதிரே மெல்ல மெல்லத் தட்டையானது. பல்லில்லாத வாய் கன்னத்தை உள்ளே இழுப்பதுபோல ஒட்டிக்கொண்டது. இன்ஜின் குரல் மெலிந்தது.

"ஆஆஆ!" என்று கத்தினேன்.

நான் வெந்துவிட்டேன் என்று நினைத்து அக்கா என் காலைப் பிடித்து இழுக்க, என் மோவாய் பலகையில் இடிக்க, அண்ணன் ஹாண்ட் பிரேக்கைப் போட, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. நான் எழுந்து, ரத்தம் வடிகிற மோவாயோடு அக்காவைக் கட்டிக்கொண்டேன். "கண்டுபிடிச்சிட்டேன்க்கா!"

கழற்றிப் பார்த்தால் அது டீசலுக்கானதல்ல, சாதாரணத் தண்ணீர்க் குழாய். டீசலில் ஊறி உட்புறம் பஞ்சாகியிருந்தது. குளிர்ந்து நின்றால் பழையபடி உருண்டையாகிவிடும். யார் கண்ணிலும் படாது. அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டேய், இது நம்ம கடைச் சரக்கு. பழசு வெடிச்சுப் போச்சுன்னு நான்தான் வெட்டிக் குடுத்தேன்." குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நாலு மாசமா வண்டியோட கழுத்தைப் பிடிச்சு நெரிச்சது நான்தானா?" என்று கேட்டுவிட்டு, மலையே எதிரொலிக்கிற மாதிரி சிரித்தாள். மச்சான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்ததாக அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

ஆனால் டீசல் தாங்குகிற ரப்பர் குழாய் பதுளையில் எங்கும் கிடையாது. பண்டாரவளையில் கேட்டும் இல்லை. செம்புக் குழாய் இருந்தால் போதும் என்றேன். அதுவும் இறக்குமதிச் சரக்கு. வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து வந்து கடை திறந்த காசிம் நானாவிடம் போனோம். கடைத்தெருக் கோடியில் பழைய இரும்பு, பித்தளை வியாபாரம் செய்பவர்; முஸ்லிம் பெரியவர்களை அங்கே நானா என்கிறார்கள். அவர் எங்களை உட்கார வைத்து, இஞ்சித் தேநீர் கொடுத்து, முழுக்கதையையும் கேட்டார். பிறகு உள்ளே போய், சாக்கில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து, பக்கத்துக் கடைக்காரர் பார்க்காமல் என் மடியில் வைத்தார்.

செம்புக் குழாய். வில்சுருள்போலச் சுற்றியிருந்தது. பிரித்ததும் குப்பென்று ஒரு நாற்றம்.

"தம்பி, இது எங்க இருந்து வந்தது எண்டு கேக்க வாணாம்" என்றார், தாடியைத் தடவியபடி.

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கள்ளச்சாராயம் காய்ச்சுகிற சுருள். யாரோ பழைய செம்பென்று நிறுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "கடையில வெச்சிக்கவும் ஏலாம, வெளிய போடவும் ஏலாம ஆறு மாசமா கெடக்கு. இந்த நாத்தத்தோட பள்ளிவாசலுக்கு எப்பிடிப் போறது? தயவு செஞ்சி கொண்டு போங்க."

விலை சொல்ல மறுத்துவிட்டார். ரோலர் போய்ச் சேர்ந்ததும் ஆள் அனுப்பிச் சொன்னால் போதும் என்றார்.

அந்தச் சுருள்தான் எனக்கு வேண்டியது. நேராக இருக்கிற செம்புக் குழாய் வண்டி அதிர்வில் ஒரு வாரத்தில் விரிசல் விட்டுவிடும். நடுவில் இரண்டு சுற்று இருந்தால் அதிர்வைச் சுருள் வாங்கிக்கொள்ளும். வேண்டிய அளவு வெட்டி, வெந்நீரும் சாம்பலும் விட்டுக் கழுவி, பழைய பிரேக் குழாயின் திருகுகளைப் பொருத்தி, பொழுது சாய்வதற்குள் பூட்டிவிட்டேன். இன்ஜின் ஓடியது. அண்ணன் முகர்ந்து பார்த்துவிட்டு, "சாராய வாசம் இன்னும் போகல. நாளைக்கு இது நம்மளைவிட வேகமா ஓடும்" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டேஷன் கிரேன் ரோலரைத் தூக்கி எங்கள் லாரியில் இறக்கியது. ஸ்பிரிங் பட்டைகள் முனகிக்கொண்டு நேராயின. கிரேன்காரர் வயதான சிங்களவர். லாரியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, ஏதோ சொன்னார். அண்ணனின் மொழிபெயர்ப்பு: "இந்த மாதிரி வண்டியைத்தான் எங்கப்பாவும் ஓட்டுனாரு. அது அவரை ஒரு நாளும் ரோட்டுல விட்டதில்லங்கிறாரு."

அக்கா கேபினில் ஏறி உட்கார்ந்தாள். வேண்டாம் என்றோம். "என் வாக்கு. நான்தான் கொண்டுபோய் இறக்கணும்" என்றாள்.

இரண்டாம் கியரில் அண்ணன் வண்டியை மலையிடம் ஒப்படைத்தார். அதற்கப்புறம் அவசரமே இல்லை. மூன்றாம் கட்டையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாம் கட்டையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாம் கட்டை பின்னால் போன பிறகும் அவள் திறக்கவில்லை. "தாண்டியாச்சும்மா" என்று அண்ணன் சொன்னார். இன்ஜின் ஒரே குரலில், ஒரு சுதியும் இறங்காமல், தன் சத்தம் பாறைச்சுவரில் முட்டி எங்களுக்கே திரும்பிக் கேட்க, ஏறிப் போனது. பின்னால் மெல்லிய சாம்பல் புகை, வேண்டிய அளவு.

பசறைச் சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம். ரோலரைப் பார்த்து ஜனம் விலகி வழிவிட்டது. "கல்லுமலைக்குத்தானே?" என்று ஒரு காய்கறிக்காரி கேட்டாள். ஆமாங்க என்றேன். அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஓடி வந்து கேபினுக்குள் போட்டாள்.

உண்மையான சோதனை தோட்டத்து ரோடுதான். பசறையிலிருந்து பிரிந்து தேயிலைச் சரிவில் ஏறுகிற, ஒரு வண்டி மட்டுமே போகிற பாதை. பெக்டரிக்குக் கீழே கடைசி வளைவு. நீளமான வண்டிக்கு அது ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திரும்பி, நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏற வேண்டும். முழுச் சுமையோடு, செங்குத்தில், நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும்.

நான் முட்டுக்கட்டையோடு இறங்கினேன். மேலே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் பின்னால் எடுத்தார். பின்சக்கரம் விளிம்பிலிருந்து ஒரு முழம். முட்டுக் கொடுத்தேன். கட்டை மண்ணில் அழுந்தியது.

"கட்டையை எடுக்கட்டுமாண்ணே?"

"எடுக்காதீங்க தம்பி! அது தானா விட்டுட்டு வரும், பாருங்க!"

முதல் கியர். இன்ஜின் ஒரு கணம் தன் முழு எடையையும் உள்ளே வாங்கிக்கொண்டது போல் தாழ்ந்த குரலில் உறுமியது. கேபின் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு எழுந்தது. சக்கரம் கட்டையைவிட்டு ஓர் அங்குலம் நகர்ந்தது. பிறகு ஒரு சாண். பிறகு கட்டை தனியே கிடந்தது. வண்டி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் அதன் பின்னால் ஓடினேன். மேலே பெண்கள் கூச்சலிட்டார்கள்.

டீமேக்கர் ஐயா பெக்டரி வாசலில் நின்றார். கெடுபிடியான மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். லாரி உள்ளே நுழைந்ததும் அவர் திரும்பிக் கத்தினார்: "சங்கை ஊதுங்கடா!" வேலை முடிகிற நேரத்தில் மட்டும் ஊதுகிற சங்கு பதினொரு மணிக்கு ஊதியது. மூன்று மலைக்கும் கேட்டது. தூரத்து மலையிலிருந்து கூடைகளோடு ஆட்கள் இறங்கிவர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கங்காணிகள் ஓடினார்கள்.

ஐயா அக்காவிடம் வந்து கை கூப்பினார். "நீங்க சொன்னப்ப நான் நம்பலைம்மா."

"எனக்கே நேத்துத்தான் நம்பிக்கை வந்துச்சு" என்றாள் அக்கா.

செயின் பிளாக் கட்டி ரோலரை இறக்கியதும் அக்காவும் அண்ணனும் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். காசிம் நானாவுக்கு அக்காவே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். ரோலரைப் பூட்ட ஆள் வேண்டும் என்று ஐயா கேட்டதால் நான் மூன்று நாள் தோட்டத்திலேயே தங்கினேன். அண்ணனின் தம்பி வீட்டு லயத்தில் படுக்கை. கோதுமை ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். அரை வயிற்றுக்குத்தான் இருந்திருக்கும் அவர்களுக்கு. எனக்கு முழு ரொட்டி வைத்தார்கள். மறுத்தால் கோபித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மதியம் பெல்ட்டை மாட்டினோம். பெரிய ரோலர் சுழன்று முதல் கொழுந்து பிழிபட்டபோது எழுந்த பச்சை வாசனை இருக்கிறதே, நான் அதுவரை குடித்த எந்தத் தேநீரிலும் அது இருந்ததில்லை.

அன்று மாலையே அக்காவும் அண்ணனும் லாரியில் மறுபடி தேயிலை ஏற்ற வந்து, இரவு தோட்டத்திலேயே தங்கினார்கள். இந்த முறை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை, ஊருக்குக் கிளம்பும் நாள், பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். பனி மூட்டத்தில் பெண்கள் கம்பளித் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். பேர் கூப்பிடக் கூப்பிட வரிசை நகர்ந்தது. கணக்கப்பிள்ளை நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தி "மத்தவங்க நாளைக்கு" என்று சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை. கடைசிப் பேர் வரைக்கும் கூப்பிட்டார்.

களத்தின் ஓரத்தில் எங்கள் லாரி, கீழே இறங்கத் தயாராக, சூடேற ஓடிக்கொண்டிருந்தது. பேர் விழுந்த ஒரு பெண் போகிற வழியில் நின்று, தயங்கி, சூடான பானட்டின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். பிறகு நாலைந்து பேர். கொஞ்ச நேரத்தில் வண்டியின் மூக்கைச் சுற்றி இடமில்லை. இரு பக்கமும் மட்கார்டு வரைக்கும் வரிசையாகக் கைகள். தேயிலைக் கறை படிந்த விரல்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஆவியாக எழுந்தது.

அண்ணன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். டீசல் கிடைக்காத காலம். "நிறுத்திரட்டுமாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஓடட்டும்" என்றாள் அக்கா.